புதரை அழித்துப் பூங்கா அமைத்தல் அறமாகுமா?



சென்ற கோடை விடுமுறையில் நம் பேர்த்தி காலாப்பட்டிலுள்ள நம் இல்லத்திற்கு வந்திருந்தாள். எட்டு வயதுச் சிறுமி. மாலைதோறும் அவளை எங்கள் குடியிருப்பின் சிறு பூங்காவுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்கே பச்சைப் பசேலென்ற புல்தரையின் ஓரத்தில், 'புல்லை மிதிக்காதீர்' என்னும் பலகை ஒன்று நடப்பட்டுள்ளது. ஒரு நாள் காலை அப்புல்தரையின் மீது புல்வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை நின்று பார்த்தாள். "மிதிக்கவே கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்களே பாட்டி, வெட்டினால் மட்டும் அதற்கு வலிக்காதா?" என்று கேட்டாள். வெட்டினால்தான் அழகாக வளரும் என்று நாம் ஏதோ சொல்லி வைத்தோம். அந்த விடை அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நமக்குப் போதவில்லை.

நம் முனிவர் பெருமக்கள் பசும்புல்லின் மேல் அடிவைப்பதில்லை. அது ஓரறிவுயிர்க்கு இரங்கும் அருள். அப்பலகையிலுள்ள சொற்களும் அதே செய்தியையே கூறுகின்றன. ஆயினும் அதன் கருத்து வேறு. அது புல்லின் உயிரைக் கருதவில்லை. நம் கண்ணுக்கு இனிய தோற்றத்தைக் கருதுகின்றது. ஒரே செயலை அருளினாலும் செய்யலாம், அழகு வேண்டியும் செய்யலாம் என்றால், பூங்கா அமைத்தல் என்னும் நற்செயலை எந்தக் கணக்கில் வைப்பது? இவ்வினா நமக்குப் புதியதன்று. சில ஆண்டுகளாக நம் நெஞ்சில் தைத்திருக்கும் முள் அது. அதனை இவ்விதழின் வாயிலாக நம் குடும்பங்களின் முன் வைக்க விழைகின்றோம்.

ஊரும் நிலமும்

காலாப்பட்டு, புதுச்சேரி நகரத்திற்கு வடக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. பிரெஞ்சியர் ஆண்ட நிலம் துண்டு துண்டாக இருந்தது என்பதை அன்பர்கள் அறிவர். நகரத்திலிருந்து புறப்பட்டால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்துதான் மீண்டும் புதுச்சேரி எல்லைக்குள் நுழைய வேண்டும். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சியரிடமிருந்து இந்திய அரசின் நிருவாகத்திற்கு மாறிய நிலத்துண்டுகளுள் இதுவும் ஒன்று. கிழக்கே கடலும் மீனவர் குப்பங்களும். மேற்கே செம்மண் மேடு. 1985 இல் நிறுவப்பெற்ற புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இங்கே ஏறத்தாழ 800 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. முன்பு பொறியியற் கல்லூரியாக இருந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சட்டக் கல்லூரியும் மத்திய சிறைச்சாலையும் உள்ளன. அவற்றைப் பின்தொடர்ந்து வீட்டுமனைகள் வந்தன. முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்பும் முட்புதரும் இருந்த இடங்களில் இன்று தெருக்கள் இருக்கின்றன.

நகரத்து மக்களுக்கு 1826 இல் அமைக்கப்பெற்ற தாவரவியல் பூங்கா உண்டு; ஆயி மண்டபத்தை நடுவில் கொண்ட பாரதி பூங்கா உண்டு. எம்மைப் போன்ற புறநகர்வாசிகளுக்கு வாய்த்தவை, மனைப்பிரிவு வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சை வண்ணமிட்டுக் காட்டிய சிறு நிலங்களே. அண்டையிலுள்ள தமிழ்நாட்டின் விதிகளில், 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக விடவேண்டும் என்பது ஒரு விதி. பெங்களூரில் ஒரு குடியிருப்புப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு வழங்கிய ஆணை செல்லாது என்று 1991 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுநிலம் ஒருவருடையதன்று, எல்லோருடையதும் ஆகும் என்பதனைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த 'எல்லோரும்' என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர் என்பதனைச் சட்டம் முற்றும் கூறவில்லை. அது அறநூலின் வேலை.

நாம் இட்ட கையொப்பம்

பணி ஓய்வு பெற்றபின் 2010 இல், மகனின் அலுவல் நிமித்தம் இவ்வூரில் குடியேறினோம். எங்கள் தெருமுனையில் பூங்காவுக்கென விடப்பட்ட நிலம் ஏறத்தாழ 30 சென்ட் இருக்கும். பல ஆண்டுகளாக எவரும் தொடாததால் அது புதராகக் கிடந்தது. காரையும் சூரையும் ஆதொண்டையும் சங்கஞ்செடியும் பின்னிக்கிடந்தன. நொச்சி ஓரத்தில் வளர்ந்திருந்தது. குன்றிமணிக் கொடி வேலியின் மேல் படர்ந்திருந்தது. நடுவே ஒரு நாவல் மரமும் மூன்று பனைகளும் நின்றன. காலையில் செம்போத்தின் குரல் கேட்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து தரையைக் கிளறும். சில வேளைகளில் கீரிப்பிள்ளை சாலையைக் கடந்து செல்லும்.

2017 ஆம் ஆண்டுக் கோடையில், அப்புதரை அழித்துப் பூங்கா அமைக்க வேண்டுமெனக் குடியிருப்போர் சிலர் விண்ணப்பம் ஒன்று எழுதிக்கொண்டு வந்தனர். "டீச்சர், நீங்கள் முதலில் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் தயங்காமல் போடுவார்கள்" என்றனர். குப்பை கொட்டுகிறார்கள், பாம்பு வருகிறது, குழந்தைகளுக்கு விளையாட இடமில்லை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொன்றும் உண்மையே. நாம் மூக்குக் கண்ணாடியை எடுத்துவந்து, நின்றபடியே முதல் கையொப்பம் இட்டோம். எங்கள் பெயரின் கீழ் ஏறக்குறைய 40 பெயர்கள் வந்தன.

சில வாரங்களில் பொக்லைன் இயந்திரம் வந்தது. காலையில் தொடங்கிய வேலை நண்பகலுக்குள் முடிந்தது. நாவல் மரம் உட்பட யாவும் வேரோடு பெயர்க்கப்பட்டன. பனைகள் மட்டும் தப்பின. புதர் பெயர்ந்தபோது நீண்ட சாரைப் பாம்பு ஒன்று வெளிப்பட்டு, போக்கிடம் அறியாது, வெட்டவெளியில் எங்கள் வீட்டை நோக்கி ஓடிவந்தது. வேலையாட்கள் கடப்பாரையால் அடித்தனர். சாரை நஞ்சில்லாதது என்று வகுப்பறையில் எத்தனையோ முறை பாடம் நடத்திய நாம், திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அவ்வேளையில் பயன்பட்டிருக்குமோ, அறியோம். மாலையில் வெட்டிய முட்செடிகளைக் குவித்துத் தீயிட்டனர். அந்தக் குவியலில் எத்தனை கூடுகள், எத்தனை முட்டைகள் இருந்தன என்று யாரும் பார்க்கவில்லை.

நம் அன்னையார் திண்டிவனம் வட்டத்துச் சிற்றூரில் வாழ்ந்தவர். நீரை வடிகட்டாமல் அருந்தமாட்டார். வடிகட்டிய துணியில் தங்கிய நுண்ணுயிர்களையும் எந்தக் கிணற்றில் மொண்டாரோ அந்தக் கிணற்றிலேயே மெல்ல விடுவார். பொழுது சாய்ந்தபின் அடுப்பு மூட்டமாட்டார். அந்த ஒழுக்கத்தில் வளர்ந்து, இன்றும் நீரை வடிகட்டிப் பருகும் நாம், ஒரு தாளில் பேனாவை ஓட்டி, 30 சென்ட் நிலத்து உயிர்களை எல்லாம் ஒரே காலைப்பொழுதில் ஒப்புக்கொடுத்தோம். துணியில் தங்கும் உயிரைக் காணும் கண், தெருமுனையிலுள்ள உயிரைக் காணவில்லை.

நமக்கு நாமே சொல்லிக்கொண்ட சமாதானங்கள்

மனம் தன் குற்றத்தை மறைக்கப் பல சமாதானங்களைத் தேடும். நாம் மூன்றைத் தேடிக்கொண்டோம்.

முதலாவது: 'வெட்டியவர் நாம் அல்லோம், நாம் கையொப்பம் மட்டுமே இட்டோம்' என்பது. நம் ஆசாரியர்கள் இந்த வாயிலை முன்னரே அடைத்துவிட்டனர். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ய உடன்படல் என மூன்று வழியாலும் வினை சேரும் என்பது நம் சமயத்துச் சிறுவரும் அறிந்தது. கையொப்பம் என்பது உடன்பாட்டின் வடிவம். அதிலும் முதல் கையொப்பம், பிறரையும் உடன்படச் செய்தது. ஆதலின் இரண்டு வழியாலும் நாம் பொறுப்பாளர் ஆனோம். இக்காலத்தில் நாம் எவரும் கோடரி எடுப்பதில்லை. விண்ணப்பம் எழுதுகின்றோம், ஒப்பந்தம் விடுகின்றோம், பணம் கட்டுகின்றோம். கை தூய்மையாகவே இருக்கின்றது. உடன்படல் என்னும் மூன்றாம் வழியைப் பழைய காலத்தினும் இக்காலத்தில்தான் நாம் மிகுதியாக அஞ்ச வேண்டும்.

இரண்டாவது: 'கொல்லும் எண்ணம் நமக்கு இல்லை' என்பது. இல்லறத்தார் வேண்டுமென்றே செய்யும் கொலையை முற்றும் விலக்க வேண்டும். இல்வாழ்க்கையிலும் தொழிலிலும் தவிர்க்க இயலாது நேரும் துன்பங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் நெறி. வீடு கட்டுவதிலும் உழுவதிலும் சமைப்பதிலும் உயிர்க்கேடு உண்டு. அதனைச் சொல்லி இல்லறத்தாரை நம் நெறி இகழ்வதில்லை. இந்தச் சலுகையை நாம் பற்றிக்கொண்டோம். ஆனால் தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாஸ்வாமி ஆசாரியர் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, உயிர் பிரிதலுக்கு முன்பாகவே, பிரமாதம் எனப்படும் கருத்தின்மையை வைத்தார் என்பதனை மறந்தோம். எண்ணம் இல்லாமை வேறு. எண்ணிப் பாராமை வேறு. நமக்குக் கொல்லும் எண்ணம் இல்லை என்பது உண்மை. அங்கே என்ன வாழ்கின்றது என்று ஒரு நாளேனும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. முன்னது நம்மைக் காப்பாற்றுவதற்குப் பின்னது இடம் கொடுக்கவில்லை.

மூன்றாவது சமாதானம் வலிமையானது: 'பூங்கா பயனுள்ளது அன்றோ?' என்பது. இதனை எளிதில் தள்ளிவிடல் நேர்மையாகாது. அப்பூங்கா வந்தபின் குழந்தைகள் சாலையில் விளையாடுவதை விட்டனர். கணவரை இழந்து, ஆண்டுக்கணக்கில் வீட்டை விட்டு வெளிவராதிருந்த அடுத்த தெரு அம்மையார் ஒருவர், இன்று நாள்தோறும் அங்கு நடக்கிறார். நான்கு பேருடன் பேசுகிறார். நீரிழிவு நோயினர் பலர் அங்கு நடந்து நலம் பெறுகின்றனர். மனிதரும் உயிர்களே. ஐம்பொறியும் மனமும் உடைய உயிரின் துன்பத்தை நீக்குதலும் அறமே. புதரைக் காக்கிறோம் என்று கூறி இவர்களை நாற்சுவருக்குள் அடைத்திருந்தால் அதுவும் ஒரு கொடுமையாக முடிந்திருக்கும்.

பயனும் பயனின்மையும்

ஆயின் குற்றம் எங்கே உள்ளது? நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், பாடக் குறிப்பு எழுதுமுன் 'நோக்கம்' யாது என்று முதல் வரியில் எழுத வேண்டும். நோக்கத்திற்கு உதவாத செய்தியோ துணைக்கருவியோ பாடத்தில் இருப்பின், எங்கள் ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிடுவார். அந்தப் பழக்கத்தைப் பிற்காலத்தில் இப்பூங்காவின் மீது செலுத்திப் பார்த்தோம்.

நடப்பதற்கு வேண்டியது மூன்று நான்கு அடி அகலப் பாதை. குழந்தைகள் விளையாட வேண்டியது ஒரு திடல். முதியோர் அமர வேண்டியது சில இருக்கைகள், அவற்றிற்கு நிழல். இவ்வளவுக்கும் அந்நிலத்தில் பாதி போதும். நிழலுக்கு நாவல் மரமே நின்றிருந்தது. அதனை அகற்றிவிட்டு, நிழலுக்கெனப் புதிதாகக் கன்றுகள் நட்டனர். மற்றப் பாதியை அழித்தது எந்த நோக்கத்திற்காக? சீராகத் தோன்ற வேண்டும் என்பதற்காக மட்டுமே. வேற்றிடத்திலிருந்து புல் கொண்டுவந்து பதித்தனர். அப்புல்லுக்கு நாள்தோறும் நிலத்தடி நீர் இறைக்கின்றனர், மாதந்தோறும் வெட்டுகின்றனர், பூச்சிக்கு மருந்து தெளித்தனர். அதன்மேல் நடக்கவும் கூடாது.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்திலும், அதன் வழிவந்த நம் தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பிலும் கூறப்படும் குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் என்பது ஒன்று. பயனின்றிச் செய்யும் தீமையை விலக்குதல் என்பது அதன் பொருள். பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிதறுதல், தீ மூட்டுதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவற்றை ஆசாரியர் அதில் அடக்கிக் காட்டினார். எங்கள் பூங்காவில் அன்று நிகழ்ந்தவற்றை இப்பட்டியலோடு ஒப்பிட்டபோது நாணினோம். அகழ்தல், நீர், தீ, வெட்டுதல் யாவும் ஒரே நிலத்தில் நிகழ்ந்தன. தேவையான பாதியில் நிகழ்ந்தது இல்லறத்தார்க்குத் தவிர்க்க இயலாதது. தேவையற்ற பாதியில் நிகழ்ந்தது வீண் வினை. ஆகவே, 'பூங்கா அமைத்தல் அறமா?' என்று பொதுவாகக் கேட்பதனைவிட, 'எந்த அடி நிலம் வரையில் அது தேவை?' என்று அளந்து கேட்பதே முறை எனக் கருதுகின்றோம். அறம் அளவில் இருக்கின்றது.

இவ்வளவை நம் முன்னோர் ஒரு கதையாலும் விளக்கினர். பசித்த அறுவர் கனிகள் நிறைந்த ஒரு மரத்தைக் காண்கின்றனர். ஒருவன் வேரோடு சாய்க்க நினைக்கின்றான், ஒருவன் அடிமரத்தை, ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறுகிளையை. ஐந்தாமவன் கனிகளை மட்டும் பறிக்க நினைக்கின்றான். ஆறாமவன் கீழே உதிர்ந்தவை போதும் என்கின்றான். கிருஷ்ண லேசியை முதல் சுக்ல லேசியை வரையுள்ள ஆறு மனநிலைகளை இது காட்டும். அறுவருக்கும் பசி ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். பசி குற்றமன்று. பசி தீர எவ்வளவு போதும் என்பதிலேதான் வேறுபாடு பிறக்கின்றது. பூங்கா வேண்டும் என்னும் எங்கள் பசியும் குற்றமன்று. நாங்கள் முதலாமவனைப் போல வேரோடு சாய்த்தோம் என்பதே குற்றம்.

பாம்பு என்னும் அச்சம்

'புதர் இருந்தால் பாம்பு வருமே, குழந்தையைக் கடித்தால் என் செய்வது?' என்று தாய்மார் கேட்பர். இந்த அச்சம் நியாயமானது. ஒரு குழந்தைக்கு ஊறு நேர்ந்தபின் அங்கே நின்று அஹிம்சை பேச எவர்க்கும் வாய் வராது.

எனினும் பகவான் பார்சுவநாதரின் வரலாற்றை இவ்விடத்தில் நினைத்தல் தகும். மேல்சித்தாமூர் ஜினாலயத்தில் நாகபடத்தின் நிழலில் எழுந்தருளியிருக்கும் பெருமானை வணங்காத குடும்பம் நம்மில் இல்லை. அவர் இளவரசராய் இருந்தபோது, தாபதன் ஒருவன் தன் தவத்தீக்கு விறகு வேண்டி ஒரு கட்டையைப் பிளக்க முற்பட்டான். 'அதனுள் உயிர்கள் உள்ளன, வெட்டாதே' என்று இளவரசர் தடுத்தார். அவன் கேளாமல் பிளந்தான். உள்ளிருந்த நாக இணை வெட்டுண்டது. உயிர் பிரியும் வேளையில் பெருமானின் அருளால் நல்லுரை கேட்ட அவ்விரண்டும் தரணேந்திரனாகவும் பத்மாவதியாகவும் பிறந்தன என்பது வரலாறு. அத்தாபதன் கொடியவன் அல்லன். அவன் செய்தது தவம், நற்செயல் என்றே அவன் எண்ணினான். நற்செயல் செய்கிறோம் என்னும் மனநிறைவே அவன் கண்ணை மறைத்தது. சாரைப் பாம்பு அடிபட்ட அன்று, திண்ணையில் நின்ற நமக்கு இந்த வரலாறு நினைவுக்கு வரவில்லை. பிறகு, ஜினாலயத்தில் பெருமான் திருமுன் நின்றபோது வந்தது.

அச்சத்திற்கு அறம் தரும் விடை, அச்சத்தை இகழ்வதும் அன்று. அச்சம் காட்டியதை எல்லாம் அழிப்பதும் அன்று. பாதையில் விளக்கிடுவதும், ஓரங்களைத் தெளிவாக வைப்பதும், குப்பையையும் அதனால் வரும் எலியையும் குறைப்பதும், பாம்பைக் கண்டால் வனத்துறையினரை அழைப்பதும் செய்யத்தக்கவை. எலி இல்லாத இடத்திற்கு இரை தேடிப் பாம்பு வருவது குறையும். இவற்றைச் செய்தபின்னும் சிறிது இடர் எஞ்சவே செய்யும். அதனை மறைக்க நாம் விரும்பவில்லை.

நட்டால் தீருமா?

'அழித்ததற்கு ஈடாகப் பத்து மரம் நட்டுவிடலாமே' என்பார் உளர். மரம் நடுதல் நன்றே. எங்கள் ஊருக்கு மேற்கே, 1968 இல் ஆரோவில் நிறுவப்பெற்றபோது அந்தச் செம்மண் மேடு பெரும்பாலும் வறண்டு, மழைநீர் அரித்த பள்ளங்களுடன் கிடந்தது. வரப்புக் கட்டி நீரைத் தேக்கி, கன்று நட்டு, பல பத்தாண்டுகள் உழைத்தே அங்குக் காட்டை உண்டாக்கினர். ஒன்றுமில்லாத நிலத்தில் உயிர்க்கு இடமளித்தல் பெரும்பணி. ஆனால் உள்ளதை அழித்துவிட்டுப் பின் நடுதல் அதனோடு ஒப்பாகாது. நம் நெறியில் நல்வினை தீவினையைக் கழித்துவிடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் பயனைத் தானே தரும். குற்றத்தை உணர்ந்து ஆசிரியர் முன் கூறுதலும், வருந்துதலும், மீண்டும் செய்யாமையுமே அதற்குக் கழுவாய்.

காட்டின் அருமையை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காலாப்பட்டுக்குச் சற்று வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள், கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு காடு உள்ளது. சோழமண்டலக் கரையோரம் முன்பு பரந்திருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. பாலையும் வீரையும் காசாவும் போன்ற மரங்கள் கொண்ட இவ்வகைக் காடுகள் இன்று பெரும்பாலும் கோயிற்காடுகளாகவே எஞ்சியுள்ளன. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்குச் சென்று மரங்களை அளந்து ஆராய்ந்துள்ளனர். கிளையை ஒடித்தால் தெய்வக்குற்றம் என்று அஞ்சிய எளிய மக்களே அதனைக் காத்தனர். நம் கொள்கை வேறு. நாம் தண்டிக்கும் தெய்வத்தை அஞ்சுபவர் அல்லோம். ஆயினும் அவர்கள் அச்சத்தால் செய்ததை, ஒவ்வொரு மரத்திலும் உயிர் உண்டென்று அறிந்த நாம் அறிவால் செய்யத் தவறினோம். அச்சம் காத்ததை அறிவு காவாது விடுமாயின், அவ்வறிவினால் பயன் யாது?

பின்னர்ச் செய்தது

2018 இல் குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, முதல் கையொப்பமிட்டது தவறென்று கூறினோம். சிலர் சிரித்தனர். சிலர், டீச்சருக்கு வயதாகிவிட்டது என்றனர். வடமேற்கு மூலையில் ஐந்து சென்ட் நிலத்தையேனும் தொடாமல் விடுங்கள் என்று வேண்டினோம். பாம்பு அச்சம் பற்றி நீண்ட வழக்காடல் நடந்தது. முடிவில், அம்மூலையைச் சுற்றி இரண்டடிச் சுவர் எழுப்பவும், பாதையில் விளக்கிடவும் இசைந்து ஒப்புக்கொண்டனர். சருகை எரிப்பதில்லை, அந்த மூலையிலேயே குவிப்பது. மருந்து தெளிப்பதில்லை என்னும் இரண்டையும் பின்னர் ஏற்றனர். புல்வெட்டுதலை மட்டும் விடவில்லை. பேர்த்தி கண்டது அதனைத்தான்.

அம்மூலையில் எவரும் எதுவும் நடவில்லை. மண்ணில் எஞ்சிய வேர்களிலிருந்து சூரையும் காரையும் தாமே துளிர்த்தன. நொச்சி வந்தது. சில ஆண்டுகளில் செம்போத்தின் குரல் மீண்டும் கேட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. எங்கள் பூங்காவில் சிமெண்ட் பாதையும் புல்தரையும் இரண்டு நாள் நீரில் நின்றன. அந்த மூலையில் நீர் தேங்கவில்லை. அதனைக் கண்டு சிலர் மனம் மாறினர். மற்றுமொரு கோடையில் பாம்பொன்று பாதையைக் கடந்தபோது, மூலையை அழிக்க வேண்டுமென்று மீண்டும் குரல் எழுந்தது. அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் நாம் தோற்கவும் கூடும்.

இதனைப் புகழ்ச்சிக்காக எழுதவில்லை. முப்பதில் ஐந்தை மீட்டோம், இருபத்தைந்தை மீட்கவில்லை. நாவல் மரத்தையும் சாரையையும் ஒருபோதும் மீட்க இயலாது.

நம் குடும்பத்தார்க்கு

நம்மவர் பலர் இன்று சிற்றூர்களை விட்டு நகர்ப்புறங்களிலும் புதிய மனைப்பிரிவுகளிலும் குடியேறி வாழ்கின்றனர். எங்கும் இத்தகைய விண்ணப்பங்கள் வரும். அவ்வேளையில் மூன்று செயல்களை மட்டும் வேண்டிக்கொள்கின்றோம். கையொப்பமிடுமுன் அந்நிலத்தை ஒரு காலையும் ஒரு மாலையும் சென்று பாருங்கள்; அங்கு யார் வாழ்கின்றனர் என்று அறியுங்கள். நமக்கு வேண்டிய அளவு எவ்வளவு என்று அடிக்கணக்கில் எழுதிக் கேளுங்கள். எஞ்சியதை விட்டுவிடச் சொல்லுங்கள். அழித்தே ஆக வேண்டிய பகுதியையும், பறவைகள் கூடுகட்டும் காலம் கழித்து, கையால், சிறிது சிறிதாக, உள்ளிருப்பவை ஓடிப்போக வழிவிட்டு அகற்றச் சொல்லுங்கள். நீரை வடிகட்டும்போது நம் அன்னையர் காட்டிய பொறுமைக்கு மேற்பட்டது எதுவும் இதில் இல்லை.

குழந்தையின் வினாவுக்கு இப்பொழுது விடை எழுதி அனுப்பியுள்ளோம். 'புல்லுக்கு வலிக்குமா என்று கேட்டாய். அதற்கும் உயிர் உண்டு. நமக்கு வேண்டிய இடத்தில் வெட்டுகிறோம். வேண்டாத இடத்திலும் வெட்டுகிறோம். இரண்டாவதை நிறுத்த வேண்டும். பாட்டி ஒரு முறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ பெரியவள் ஆனதும் பார்த்துவிட்டுப் போடு' என்று எழுதினோம். விடுமுறைக்கு வரும்போது அந்த மூலையைக் காட்டுமாறு கேட்டிருக்கிறாள்.

அறியாது செய்ததும், அறிந்தும் பேசாதிருந்ததும் ஆகிய நம் பிழைகளை எவ்வுயிரும் பொறுத்தருள்க.

வளர்க நல்லறம்!